மேம்பாலமா, அடுத்த பேருந்தா: குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கு எது வேண்டும்?

மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்த பிறகும் கீழே நெரிசல் குறையவில்லை, நாகர்கோவில் மாநகராட்சியான பிறகும் தெருக்கள் அகலமாகவில்லை, அப்படியிருக்கப் பேருந்தையும் சைக்கிளையும் பற்றிப் பேசுவது பெருநகரத்தாருக்குத்தான் பொருந்தும், நம் பகுதிக்கு வேண்டியது இன்னும் சில மேம்பாலங்களும் திருவனந்தபுரம் வரை ஒரு மெட்ரோவும்தான் என்று எழுதி, இதைப் பற்றி என் கருத்தைக் கேட்டிருக்கிறீர்கள். நகரமைப்புப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையிலும், கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டி அன்றாடம் போய்வருகிறவர்கள் உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையிலும் சொல்கிறேன்: பெருநகரங்களைவிட நம் பகுதிக்குத்தான் நல்ல பேருந்து அதிகமாகத் தேவைப்படுகிறது. இங்கே குறையாக இருப்பது கட்டுமானம் அல்ல, அடுத்த வண்டி எப்போது வரும் என்ற உறுதி. அதை விளக்க நம் ஊர்கள் அமைந்திருக்கும் விதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

திருநெல்வேலிப் பக்கம் ஓர் ஊர் முடிந்தால் வயலோ பொட்டலோ வரும், அதன் பிறகே அடுத்த ஊர் வரும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி நாஞ்சில் நாட்டுக்குள் வந்தாலும் வயல்களுக்கு நடுவே ஊர்கள் ஓரளவு தனித்தனியாகவே தெரியும். தக்கலையைக் கடந்து மேற்கே போகப் போக அந்த இடைவெளி மறைந்துவிடுகிறது. ஒரு வீடு, அதைச் சுற்றித் தென்னையும் வாழையும் மரச்சீனியும் நிற்கும் விளை, அடுத்து இன்னொரு வீடு என்று களியக்காவிளை வரையிலும், அதற்கப்பால் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று திருவனந்தபுரம் வரையிலும் தொடர்ந்து போகிறது. எங்கே ஊர் முடிந்தது, எங்கே நகரம் தொடங்கியது என்று யாராலும் கோடு போட்டுக் காட்ட முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் 18.70 லட்சம் பேர் இருந்தார்கள். தமிழ்நாட்டின் சராசரி அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 555 பேர் என்றிருந்தபோது, நம் மாவட்டத்தில் அது 1,100ஐத் தாண்டியிருந்தது. ஆனால் நாகர்கோவில் நகராட்சியில் அன்று இருந்தவர்கள் ஏறத்தாழ 2.25 லட்சம் பேர் மட்டுமே. மற்றவர்கள் எல்லாரும் ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளிலும் சிறு நகராட்சிகளிலும் ஊராட்சிகளிலும் பரவிக் கிடக்கிறார்கள்.

இப்படிப்பட்ட பகுதியில் எல்லாரும் காலையில் ஒரே இடத்துக்குப் போய் மாலையில் திரும்புவதில்லை. கருங்கலில் இருப்பவர் மார்த்தாண்டத்துக்கும், அருமனையில் இருப்பவர் குழித்துறைக்கும், குளச்சலில் இருப்பவர் தக்கலைக்கும், மார்த்தாண்டத்தில் இருப்பவர் நெய்யாற்றின்கரைக்கும் போகிறார்கள். மெட்ரோ ரயில் பிழைக்க வேண்டுமென்றால் ஒரே தடத்தில் மணிக்குப் பல்லாயிரம் பேர் நாள் முழுவதும் போய்வர வேண்டும். 2017இல் கொச்சி மெட்ரோவின் முதல் 13 கிலோமீட்டர் ஆலுவாவுக்கும் பாலாரிவட்டத்துக்கும் இடையே திறக்கப்பட்டபோது அப்படி ஒரு தடம் அங்கே ஏற்கெனவே இருந்தது. அதே ஆண்டில் வந்த மத்திய அரசின் மெட்ரோ ரயில் கொள்கை 20 லட்சம் மக்கள்தொகையை ஓர் அளவுகோலாக வைத்திருக்கிறது. 2025 நவம்பரில் கோயம்புத்தூர், மதுரை ஆகிய நகரங்களின் மெட்ரோத் திட்ட அறிக்கைகள் திருப்பி அனுப்பப்பட்டபோது அந்த அளவுகோலே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். கோயம்புத்தூருக்கே இந்த நிலை என்றால் நாம் மெட்ரோவைக் காத்துக்கொண்டிருக்கும் காலத்தில் ஒரு தலைமுறை பள்ளிக்கும் கல்லூரிக்கும் போய்வந்து முடித்துவிடும் என்பதே நான் சொல்ல வருவது.

மேம்பாலத்துக்கு வருகிறேன். மார்த்தாண்டத்து இரும்பு மேம்பாலத்தை வீண் என்று நான் சொல்லமாட்டேன். 2018 இறுதியில் அதில் வண்டிகள் ஓடத் தொடங்கிய பிறகு, நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நேரே போகிறவர் சந்திப்பில் சிக்கிக்கொள்ளாமல் தாண்டிப் போக முடிகிறது. அது அந்தப் பாலம் செய்யக்கூடிய வேலை, அதைச் செய்கிறது. ஆனால் மார்த்தாண்டத்தில் நெரிசலை உண்டாக்குகிறவர்களில் பெரும்பாலோர் மார்த்தாண்டத்தைத் தாண்டிப் போகிறவர்கள் அல்லர், மார்த்தாண்டத்துக்கே வருகிறவர்கள். சந்தைக்கும் துணிக்கடைக்கும் மருத்துவமனைக்கும் பேருந்து நிலையத்துக்கும் வருகிறவருக்கு மேலே போகும் பாலத்தால் பயன் இல்லை. அவர் பாலத்தின் தூண்கள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய சாலையில்தான் வர வேண்டும். பயணம் எளிதானவுடன், முன்பு நெரிசலுக்கு அஞ்சி வேறு நேரத்தில் வந்தவரும் பேருந்தில் வந்தவரும் தங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு அதே நேரத்தில் வரத் தொடங்குவார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பொருளியலாளர் அந்தோணி டவுன்ஸ் இதை 1962லேயே விரிவாக எழுதினார். புதிதாகக் கிடைத்த இடம் சில ஆண்டுகளில் நிரம்பிவிடுவது உலகத்தில் எல்லா நகரங்களும் கண்ட அனுபவம். சாலையை அகலப்படுத்துவதோ இங்கே இன்னும் கடினம், ஏனென்றால் சாலையின் இரு பக்கமும் வீடும் கடையும் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் நெருக்கமாக நிற்கின்றன, இல்லையென்றால் குளம் இருக்கிறது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை நான் மதிக்கிறேன். "பேருந்தை நம்பி இருந்தால் வேலை போய்விடும், அதனால்தான் பைக் வாங்கினேன்" என்று சொல்கிற இளைஞர்கள் நம் பகுதியில் ஏராளம். கடனில் இருசக்கர வண்டி வாங்கி, இரண்டு பருவமழையிலும் நனைந்துகொண்டு, லாரிகளுக்கு நடுவே நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ தினமும் போகிற ஒருவர் அதை ஆடம்பரத்துக்காகச் செய்யவில்லை. நேரம் தவறாமல் போய்ச்சேர அவருக்கு வேறு வழி இல்லை. ஆகவே மக்கள் ஏன் பேருந்தில் ஏறுவதில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதில் பயன் இல்லை. அவர்கள் எந்த உறுதி இல்லாததால் பேருந்தை விட்டார்களோ, அந்த உறுதியை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதே கேள்வி.

இதில் சிறிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு வழித்தடத்தில் மணிக்கு நான்கு பேருந்துகள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை 15 நிமிடத்துக்கு ஒன்றாகச் சீராக வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருகிற ஒருவர் சராசரியாக ஏழரை நிமிடம் காத்திருப்பார். அதே நான்கு பேருந்துகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு அரைமணிக்கு ஒருமுறை வந்தால், சராசரிக் காத்திருப்பு 15 நிமிடமாகிவிடும். டீசல் செலவும் ஓட்டுநர், நடத்துநர் சம்பளமும் மாறவில்லை, வண்டிகளின் எண்ணிக்கையும் மாறவில்லை, ஆனால் காத்திருப்பு இரட்டித்துவிட்டது. முதல் வண்டியில் படிக்கட்டு வரை கூட்டம் தொங்க, பின்னாலேயே இரண்டாவது வண்டி பாதி காலியாக வருவதை நம் ஊரில் பார்க்காதவர் இருக்க முடியாது. முன்னால் போகிற வண்டி சற்றுத் தாமதமானால் அதற்காக நிறுத்தத்தில் கூடுகிற கூட்டம் பெருகும், கூட்டம் ஏறி இறங்க நேரமாகும், அதனால் அது மேலும் தாமதமாகும். பின்னால் வருகிற வண்டிக்கு ஆள் குறைவு என்பதால் அது விரைந்து வந்து முன்வண்டியை எட்டிப் பிடித்துவிடும். யாருடைய அலட்சியமும் இல்லாமலே இது நடக்கும். நிலையத்திலோ நடுவழியில் ஒரு முக்கிய நிறுத்தத்திலோ ஒருவர் நின்று, பின்வண்டியைச் சில நிமிடம் பிடித்துவைத்து இடைவெளியைச் சரிசெய்தால் இதைத் தடுக்கலாம். முன்பு நேரக்காப்பாளர்கள் செய்த வேலை அது. இன்று வண்டி எங்கே வருகிறது என்பதைக் கைப்பேசித் திரையில் பார்க்கக்கூடிய காலத்தில் அந்த வேலை எளிதாகியிருக்கிறது. ஆனால் செய்ய ஒருவரை அமர்த்த வேண்டும். ஒரு மேம்பாலத்தின் செலவோடு ஒப்பிட்டால் அந்தச் சம்பளம் ஒரு பொருட்டே அல்ல.

நம் பகுதிக்கே உரிய சிக்கல் இனிமேல்தான் வருகிறது. மூன்று வெவ்வேறு அலுவலகங்கள் போடும் கால அட்டவணைகளை நம்பி நாம் வாழ்கிறோம். முன்பு நேசமணி போக்குவரத்துக் கழகமாக இருந்து 1997க்குப் பிறகு பெயர் மாறிய நம் அரசுப் பேருந்துகள் திருநெல்வேலிக் கோட்டத்தின் கீழ் ஓடுகின்றன. எல்லைக்கு அப்பால் ஆனவண்டிகள் என்று அழைக்கப்படும் கேரள அரசுப் பேருந்துகள் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பூவாறு பணிமனைகளிலிருந்து வருகின்றன. ரயிலோ, தண்டவாளம் தமிழ்நாட்டில் இருந்தாலும், தென்னக ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டத்தின் கீழ் ஓடுகிறது. இந்த மூன்றில் ஒன்றின் நேரத்தை வகுப்பவர் மற்ற இரண்டின் நேரத்தைப் பார்த்து வகுக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை.

காலை ஆறரை மணிக்குக் களியக்காவிளைப் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால் இதன் பொருள் கண்முன் தெரியும். உள்ளூர்களிலிருந்து வரும் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களில் கட்டட வேலைக்குப் போகிற ஆண்கள் தூக்குச்சட்டியோடும், தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள் சோற்றுப் பையோடும், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கோ வட்டாரப் புற்றுநோய் மையத்துக்கோ போகிற நோயாளிகள் ஸ்கேன் படங்களைப் பெரிய பிளாஸ்டிக் உறையில் அணைத்துக்கொண்டும் இருப்பார்கள். இறங்கியவுடன் எல்லாரும் ஒரே திசையில் வேகமாக நடப்பார்கள், ஏனென்றால் கேரளப் பேருந்து புறப்படத் தயாராக நிற்கும். டவுன் பஸ் மூன்று நிமிடம் பிந்தினால் அந்த வண்டி கிடைக்காது. அதற்கடுத்த வண்டியில் போனால் மருத்துவமனையில் சீட்டு எடுக்கும் வரிசையில் நூறு பேருக்குப் பின்னால் நிற்க வேண்டிவரும். அந்த மூன்று நிமிடத்தைத் திருத்த ஒரு பாலமும் கட்ட வேண்டியதில்லை. இரு கழகங்களின் அதிகாரிகள் ஆண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து, காலை ஐந்தரைக்கும் எட்டரைக்கும் இடைப்பட்ட வண்டிகளின் நேரங்களை ஒன்றுக்கொன்று பொருத்தினால் போதும்.

நேரே போகிற பேருந்துகளை அதிகமாக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 88ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. ஒரு மாநிலத்துப் பேருந்து இன்னொரு மாநிலத்துக்குள் ஓட வேண்டுமானால் இரு அரசுகளுக்கும் இடையே பரஸ்பர ஒப்பந்தம் வேண்டும், எந்தத் தடத்தில் யாருக்கு எத்தனை வண்டி என்பது அதில் பேசி முடிக்கப்பட வேண்டும். அந்த ஒப்பந்தங்கள் அடிக்கடி திருத்தப்படுவதில்லை. கொரோனாக் காலத்தில் நிறுத்தப்பட்ட எல்லை தாண்டிய பேருந்துகள், ஊரடங்கு தளர்ந்த பிறகும் திரும்பவில்லை. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே பேருந்துகள் மறுபடி ஓடத் தொடங்கியது 2021 டிசம்பர் 1ஆம் தேதிதான். அதுவரை ஒரு வண்டியில் இறங்கி, எல்லையை நடந்து கடந்து, அடுத்த வண்டியில் ஏறினார்கள், கர்ப்பிணிகளும் நோயாளிகளும் உட்பட. இந்தப் பாதையின் பழைய வரலாறு தெரிந்தவர்களுக்கு அது கூடுதல் வேதனை. திருவிதாங்கூர் அரசின் போக்குவரத்துத் துறை 1938 பிப்ரவரி 20 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜாவால் தொடங்கிவைக்கப்பட்டபோது, லண்டன் போக்குவரத்து வாரியத்திலிருந்து அழைத்துவரப்பட்ட சால்ட்டர் என்பவரின் மேற்பார்வையில் அரசுப் பேருந்துகள் முதன்முதலில் ஓடிய தடம் திருவனந்தபுரம், நாகர்கோவில், கன்னியாகுமரி என்ற இந்தத் தடம்தான். 1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழ்நாட்டோடு இணைந்து எல்லைக்கோடு மாறியது, மக்களின் போக்குவரத்துத் தேவை மாறவில்லை.

கட்டணத்திலும் அந்தக் கோடு குறுக்கே விழுகிறது. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் முந்திரி ஆலைக்கும் போகிற பெண்ணின் சம்பளத்தில் அது எவ்வளவு பெரிய பங்கு என்பதை நம் பகுதியில் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ வேலை பார்க்கிற பெண் களியக்காவிளையில் இறங்கி ஏறியவுடன், 2022 மே முதல் 10 ரூபாயாக உயர்ந்த கேரளக் குறைந்தபட்சக் கட்டணத்தைக் கொடுக்கத் தொடங்குகிறார். இலவசத்தைக் கேரளத்துக்கு நீட்டுங்கள் என்று கேட்பது எளிதல்ல. இரு மாநிலத்துக்கும் பொதுவான மாதச் சீட்டு ஒன்று சாத்தியமான கோரிக்கைதான். சென்னையில் பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ மூன்றுக்கும் சேர்த்து ஒரே செயலியில் சீட்டு எடுக்கும் வசதி 2025இல் வந்திருக்கிறது. பணத்தைப் பிரித்துக்கொள்ளும் கணக்கு வழக்கு முறை தெரியாத ஒன்றல்ல.

இலவசம் கொடுத்தால் மட்டும் போதாது என்பதற்கும் நம் மாவட்டமே சான்று. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த மூதாட்டி ஒருவர், வாடை வருகிறதென்று பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். நிலையத்தில் நின்று அவர் குமுறிய காட்சியைத் தமிழ்நாடு முழுவதும் பார்த்தது, பணியாளர்கள் மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. அதற்குச் சில மாதம் முன்புதான் திருவனந்தபுரத்தில், மீன் விற்கும் பெண்களுக்கென்றே கூடைகளை வைக்கத் தனி இடத்தோடு 'சமுத்ரா' என்ற பேருந்துகளைக் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் கட்டணமில்லாமல் விட்டிருந்தது. ஐம்பது, அறுபது கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே தொழில் செய்கிற பெண்களுக்கு இவ்வளவு வேறுபாடு. சின்னமுட்டத்திலிருந்து தூத்தூர், நீரோடி வரை கடற்கரை நெடுகச் சந்தைக்குக் கூடையோடு போகிற பெண்கள் இருக்கிறார்கள். அதிகாலையில் சில வண்டிகளில் பின்பக்க இருக்கைகளைக் கழற்றிக் கூடை வைக்க இடம் செய்துகொடுத்தால் மற்ற பயணிகளுக்கும் தொல்லை இல்லை, அந்தப் பெண்கள் யாரிடமும் தலைகுனிய வேண்டியதும் இல்லை. இதைச் செய்யாமல் எந்த வளர்ச்சியைப் பற்றியும் நாம் பெருமைப்படக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மிதிவண்டியைப் பற்றிய உங்கள் ஐயம் பாதி நியாயமானது. மேற்கே விளவங்கோடு, கல்குளம் வட்டங்கள் மேடும் பள்ளமுமான நிலம். செம்மண் குன்றுகளில் ஏறி இறங்கும் சாலைகளில் கியர் இல்லாத கனமான சைக்கிளை மிதிப்பது பதினாறு வயதுப் பிள்ளைக்கும் கடினம். அரசு பதினோராம் வகுப்பில் கொடுக்கிற விலையில்லா மிதிவண்டி குலசேகரம் பக்கத்து வீடுகளில் பல நேரம் சுவரில் சாய்ந்தே நிற்பதற்குக் காரணம் பிள்ளைகளின் சோம்பல் அல்ல, ஏற்றம்தான். ஆனால் அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்களில் நிலம் சமம். அங்கே வயல்களுக்கு நடுவே பேச்சிப்பாறைத் தண்ணீரைக் கொண்டுபோகும் கால்வாய்களின் கரைகள் ஊருக்கு ஊர் செல்கின்றன. நெடுஞ்சாலையில் லாரிக்குப் பக்கத்தில் மகளைச் சைக்கிளில் விடப் பயப்படுகிற பெற்றோர், அந்தக் கரை கெட்டியாகவும் வெளிச்சத்தோடும் இருந்தால் விடுவார்கள். கார் போக முடியாதபடி தொடக்கத்தில் இரண்டு கல் நட்டு, மழைக்காலத்தில் சேறாகாத தளம் போட்டு, விளக்கு வைத்தால் பள்ளிக்கூடங்களுக்கு நல்ல பாதைகள் கிடைக்கும். மேற்கேயும் வழி அடைந்துவிடவில்லை. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகமும் உள்ள மின்சார சைக்கிளுக்கு நம் சட்டப்படி பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. ஏற்றத்தில் தள்ளிக்கொடுக்கும் அந்தச் சிறு மோட்டார் இந்த நிலத்துக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. அதன் விலைதான் இன்னும் எளியவர் கைக்கு எட்டவில்லை.

சைக்கிளால் திருவனந்தபுரத்துக்குப் போக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் அல்லது ரயில் நிலையம் வரையிலான இரண்டு, மூன்று கிலோமீட்டரைக் கடக்க அது போதும். குழித்துறை ரயில் நிலையம் மார்த்தாண்டம் கடைவீதியிலிருந்து தள்ளி இருக்கிறது. நாகர்கோவில் சந்திப்பு கோட்டாறில் இருக்க, வெளியூர்ப் பேருந்துகள் புறப்படும் வடசேரிக்கு ஊரின் குறுக்கே போக வேண்டும். இந்தக் கடைசித் தூரத்துக்கு ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம், ரயில் சீட்டுக்குக் கொடுப்பதைவிட அதிகமாகிவிடுகிறது. நிலையத்தில் பூட்டிவைக்கக் கூரையுள்ள சைக்கிள் நிறுத்தமும், ரயில் வருகிற நேரத்துக்கு நிற்கிற ஒரு மினி பஸ்ஸும் இருந்தால் பலர் பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார்கள். மினி பஸ் திட்டம் 1997இல் வந்தபோது பேருந்து நுழையாத உள்ளூர்ச் சாலைகளுக்கு அது எவ்வளவு உதவியது என்பது நம் மாவட்டத்துக்கு நன்றாகத் தெரியும்; 2025இல் திட்டம் விரிவாக்கப்பட்டிருக்கும் இந்த நேரத்தில், ரயில் நிலையங்களைத் தொட்டுப் போகும் தடங்களைக் கேட்டுப் பெறுவது பஞ்சாயத்துகளின் பொறுப்பு.

நடப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன், ஏனென்றால் அதில் வாதத்துக்கு இடமில்லை. பேருந்தில் போகிற ஒவ்வொருவரும் இரு முனையிலும் நடக்கிறவர். சாலைகளுக்கான தரத்தை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி நடைபாதையில் தடையில்லாத அகலம் 1.8 மீட்டராவது இருக்க வேண்டும். அதாவது சக்கர நாற்காலிகள் இரண்டு எதிரெதிரே கடந்து போகும் அளவு. மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் அந்த அளவுக்கு நடைபாதையைத் தேடிப் பாருங்கள். தெருவோர வியாபாரிகளை விரட்டினால் கிடைத்துவிடும் என்பது பிழையான எண்ணம். 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டியது உள்ளாட்சியின் கடமை. நடைபாதையை அதிகமாக அடைப்பது கடைகளின் முன்னால் நிற்கும் வண்டிகளும் திறந்த ஓடைகளும்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும் பெரிய திட்டம் எதுவும் வேண்டாமா என்றால், ஒன்று வேண்டும், அது வந்துகொண்டும் இருக்கிறது. திருவனந்தபுரம் முதல் கன்னியாகுமரி வரையிலான ஏறத்தாழ 87 கிலோமீட்டர் ரயில் பாதையை இரட்டைப் பாதையாக்கும் பணியைத்தான் சொல்கிறேன். 1979இல் இந்தப் பாதை திறக்கப்பட்டதிலிருந்து ஒற்றைத் தண்டவாளம் என்பதால், எதிரே வரும் வண்டிக்கு வழிவிட்டுப் பயணிகள் ரயில் நிலையங்களில் காத்துக்கிடக்கும். நீண்டதூர விரைவு ரயிலுக்கே முன்னுரிமை. இரட்டைப் பாதை முடிந்தவுடன் கிடைக்கும் இடத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பதில்தான் நம் கவனம் இருக்க வேண்டும். வடக்கே போகும் விரைவு ரயில்கள் இன்னும் சில கூடினால் நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் பெருமை. இரணியலிலும் பள்ளியாடியிலும் குழித்துறையிலும் பாறசாலையிலும் நின்று போகும் ரயில் காலையும் மாலையும் அரைமணிக்கு ஒன்று ஓடினால், நீங்கள் கேட்ட மெட்ரோ உங்களுக்கு அதிலேயே கிடைத்துவிடும், அதுவும் புதிதாக ஒரு வீட்டை இடிக்காமல். இரண்டில் எதைக் கேட்பது என்பதை நம் மக்கள் பிரதிநிதிகள் இப்போதே முடிவுசெய்ய வேண்டும், நேர அட்டவணை அச்சான பிறகு கேட்டுப் பயன் இல்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், இரவிலிருந்து தொடங்கச் சொல்வேன். காலையில் ஒருவர் பேருந்தில் போவதா, பைக்கில் போவதா என்று முடிவுசெய்யும்போது, காலை வண்டியைவிட இரவில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதையே முதலில் நினைக்கிறார். திருவனந்தபுரத்தில் எட்டு மணிக்கு வேலை முடிகிற செவிலியருக்கு, குழித்துறையில் இறங்கியபின் அருமனைக்கோ கருங்கலுக்கோ வண்டி இல்லை என்றால், அவர் அந்தக் காலையிலேயே யாராவது ஒருவரின் பைக்கைச் சார்ந்துவிடுகிறார், அல்லது அந்த வேலையையே விட்டுவிடுகிறார். மாலை ரயில்கள் குழித்துறைக்கும் இரணியலுக்கும் வருகிற நேரங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் கழித்துப் புறப்படும்படி கடைசி மூன்று டவுன் பஸ்களின் நேரத்தை மாற்றித் தரக் கேட்டு, உங்கள் பேரூராட்சிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரச் செய்யுங்கள். அதன் நகலைப் போக்குவரத்துக் கழகத்தின் மண்டல அலுவலகத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் திருவனந்தபுரம் ரயில்வே கோட்ட மேலாளருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள், மூவரும் மற்ற இருவருக்கும் கடிதம் போயிருப்பதை அறியும்படி. இதற்குப் புதிய வண்டியும் வேண்டாம், புதிய ஓட்டுநரும் வேண்டாம், ஓடுகிற வண்டி சற்று முன்பின்னாகப் புறப்பட்டால் போதும் என்பதால் பணம் இல்லை என்ற பதிலை யாரும் சொல்ல முடியாது.